எட்டு லட்சம் கூடுதல், மாதம் 48,000 குறைவு: கோவை–பெங்களூரு ஒரு வீட்டுக் கணக்கு

சென்ற ஆண்டு தீபாவளி பலகாரம் தீர்வதற்குள் என் தங்கை கணவருக்குப் பெங்களூருவிலிருந்து ஆஃபர் கடிதம் வந்தது. கோவை சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டு அனுபவத்துடன் ஆண்டுக்கு 14 லட்சம் சி.டி.சி.யில் (நிறுவனம் அவருக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) இருந்தார். புதிய நிறுவனம் 22 லட்சம் என்று எழுதியிருந்தது. அலுவலகம் பெங்களூரு வெளிவட்டச் சாலையில், பெல்லந்தூர் பக்கம்.

"மச்சான், எட்டு லட்சம் கூடுதல். சதவீதத்தில் 57. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார்.

யோசிக்க இருந்தது. நான் 2012-இல் இதே போல் ஒரு சதவீதத்தைப் பார்த்துவிட்டுப் பெங்களூருவுக்குப் பெட்டி கட்டியவன். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, முதல் ஆறு மாதம் கடன் அட்டையில் வாழ்ந்தேன். அந்த அனுபவம் காரணமாகத்தான் தங்கை என்னைக் கூப்பிட்டாள். கோவை கணபதியில் அவர்கள் வீட்டு மாடியில், மூன்று இரவுகளில் ஓர் எக்செல் தாளை நிரப்பினோம். கீழே இருப்பது அந்தத் தாளின் கதை. வாடகை, பள்ளிக் கட்டணம் போன்றவை இந்த ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்பட்ட தொகைகள். உங்களுக்கு வேறாக இருக்கும்.

முதல் இரவு: இரண்டு கடிதங்களைப் பிரித்தது

வாடகைக்குப் போகும் முன்பே பாதி உற்சாகம் வடிந்தது. காரணம், 14-உம் 22-உம் ஒரே வகைப் பணம் இல்லை.

பழைய நிறுவனத்தில் வேரியபிள் பே, அதாவது செயல்பாட்டைப் பொறுத்து ஆண்டு முடிவில் தரும் பகுதி, கிடையாது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சட்டப்படியான குறைந்த அளவில், அதாவது 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்புக்கு 12 சதவீதமாக மாதம் 1,800 மட்டும் பிடித்தார்கள். நிறுவனமும் அதே 1,800 போட்டது. அடிப்படைச் சம்பளம் 5,60,000. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 21,600, பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 4.81 சதவீதம் என்று 26,936. இவை இரண்டும் போக ஆண்டுச் சம்பளம் 13,51,464.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் சம்பளக்காரர் எல்லாருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போனால் மிஞ்சுவது 12,76,464. முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த நான்குக்கு 5 சதவீதம், அடுத்த நான்குக்கு 10, பன்னிரண்டுக்கு மேல் 15. கூட்டிப் பார்த்தால், 4 சதவீத மேல்வரியுடன் 74,329. மாதம் கைக்கு வருவது சுமார் 1,04,400.

புதிய கடிதத்தில் 22 லட்சத்துக்குள் என்னென்ன அடக்கம் என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 11 லட்சம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு முழு அடிப்படைக்கும் 12 சதவீதமாக 1,32,000. பணிக்கொடை 52,910. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 15,090. வேரியபிள் பே 2,20,000. நான்கையும் கூட்டினால் 4,20,000. மாதாமாதம் சம்பளச் சீட்டில் வரக்கூடியது 17,80,000-க்கு மட்டுமே. இதில் பணிக்கொடை ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் கிடைப்பது. மென்பொருள் துறையில் ஒரே நாற்காலியில் ஐந்து ஆண்டு உட்காருகிறவர்களை எண்ணிப் பார்த்தால், அதைச் சம்பளம் என்று எழுதுவதற்கே துணிச்சல் வேண்டும்.

17,80,000-க்கு வரி 1,46,640. மாதம் 12,220. அவர் பங்கு பி.எஃப். 11,000. தொழில் வரி போகக் கைக்கு 1,24,900. தொழில் வரியில் ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு வர வழியில்லை; ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க அரசியல் சாசனத்தின் 276-ஆவது பிரிவு இடம் தரவில்லை.

ஆக, 57 சதவீத உயர்வு கைக்கு வரும்போது மாதம் 20,500 ரூபாய். 20 சதவீதத்துக்கும் ஒரு துளி குறைவு. மாப்பிள்ளை இரண்டு முறை சூத்திரத்தைச் சரிபார்த்தார். எண் மாறவில்லை.

நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பி.எஃப்.இல் போகும் பணம் அவருடையதுதான். பெங்களூருவில் இருவர் பங்கும் சேர்த்து மாதம் 22,000 சேரும்; கோவையில் 3,600. (நிறுவனப் பங்கில் 1,250 ஓய்வூதிய நிதிக்குத் திரும்பும், இரு இடத்திலும் அதே தொகை.) வேரியபிள் பேயில் 80 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தோம். 1,76,000-இல் வரி போக 1,39,000 சொச்சம், மாதக் கணக்கில் 11,600. இரண்டையும் சேமிப்பு வரிசையில் போட்டோம், செலவுக்கு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆண்டு முடிவில் வரும் பணத்தை வைத்து மாத வாடகை கட்ட முடியாது.

வீட்டு வாடகைப் படி குறித்து ஒரு கிளைக் கதை

"பெங்களூரு பெரிய நகரம்தானே, வாடகைப் படிக்கு வரிச் சலுகை கூடுதலாகக் கிடைக்குமே" என்று மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். இந்தத் தவறான எண்ணம் பரவலாக உண்டு. 2025-26 கணக்கில் வருமான வரி விதிப்படி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை பார்க்கும் சலுகை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்குக்கு மட்டும் இருந்தது. பெங்களூருவும் கோவையும் ஒரே 40 சதவீதப் பட்டியலில் இருந்தன. ஆனால் மத்திய அரசு தன் சொந்த ஊழியர்களுக்கு வாடகைப் படி கொடுக்கும்போது பெங்களூருவை முதல் வகுப்பிலும் கோவையை இரண்டாம் வகுப்பிலும் வைக்கிறது. வரி வாங்கும் கைக்கும் படி கொடுக்கும் கைக்கும் பெங்களூரு இரண்டு வெவ்வேறு ஊராக இருந்தது.

எப்படியும் இந்த வழக்கில் அது பயன்படவில்லை. இந்தச் சலுகை கிடைக்கும் பழைய வரி முறையில் போட்டுப் பார்த்தோம்: மாத வாடகை 34,000 என்றால் ஆண்டுக்கு 4,08,000; அதில் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 2,98,000. சதவீதக் கணக்கை விட இதுவே சிறியது, சிறியதுதான் விலக்கு; 40-ஆ 50-ஆ என்ற கேள்விக்கே வேலை வரவில்லை. சேமிப்புக்கான 80சி பிரிவில் ஒன்றரை லட்சத்தை முழுதாகக் கழித்தும் பழைய முறையில் வரி இரண்டு லட்சத்தைத் தாண்டியது. புதிய முறையே லாபம். அந்தப் பக்கத்தை மூடினோம்.

இரண்டாம் இரவு: குறியீடுகளை நம்பி ஏமாந்தது

மாப்பிள்ளை ஏற்கெனவே இணையத்தில் நகர ஒப்பீட்டுக் கணிப்பான் ஒன்றில் இரண்டு ஊரையும் தட்டிப் பார்த்திருந்தார். அது ஒரு சதவீதத்தைக் காட்டி, "இவ்வளவு சம்பளம் வாங்கினால் அதே வாழ்க்கைத் தரம்" என்றது. அந்தச் சதவீதத்தின்படி 22 லட்சம் தாராளம்.

இத்தகைய கணிப்பான்கள் ஒரு கற்பனை மனிதருக்காக உழைக்கின்றன. அவர் இரண்டு ஊரிலும் வாடகை கொடுக்கிறார், இரண்டு ஊரிலும் ஒரே எண்ணிக்கையில் முட்டை வாங்குகிறார், அவருக்கு அப்பா அம்மா இல்லை. பலரும் எடுத்துக்காட்டும் நம்பியோ தளம் நியூயார்க்கை நூறு என்று வைத்து, பயனர்கள் பதியும் விலைகளிலிருந்து குறியீடு போடுகிறது. அதன் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டில் வாடகை சேராது; வாடகைக்குத் தனிக் குறியீடு உண்டு. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வீடு மாறினால், மாறியபின் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும்.

இன்னொரு நண்பர் அரசுப் புள்ளிவிவரத்தை அனுப்பினார்: தொழிலாளர் பணியகம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு. 88 மையங்களுக்கு மாதாமாதம் வருவது, கறாரான வேலை. ஆனால் அதை வைத்து ஊரையும் ஊரையும் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு மையத்துக்கும் 2016-இல் அந்த ஊரின் விலையே நூறு. ஓர் ஊரின் குறியீடு இன்னோர் ஊரை விட உயரமாக இருந்தால், 2016-க்குப் பிறகு அங்கே விலை வேகமாக ஏறியது என்றுதான் பொருள். அந்த ஊர் விலை கூடியதென்று பொருளாகாது. படித்தவர்களே இதில் வழுக்குகிறார்கள். நானும் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன்.

எனவே தங்கை ஒரு யோசனை சொன்னாள்: "அண்ணா, ஊரை விடுங்கள். எங்கள் வீட்டில் எது மாறும், எது மாறாது என்று மட்டும் எழுதுவோம்."

மூன்று இரவில் நடந்த உருப்படியான காரியம் அதுதான்.

வீடு

கோவையில் மாடிவீடு தங்கையின் மாமனாருடையது. வாடகை பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை எந்தக் குறியீடும் அறியாது.

பெங்களூருவில் இரண்டு படுக்கையறை வீடு தேடினோம். அலுவலகத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் என்று வட்டம் போட்டால் கசவனஹள்ளி, ஹரளூர், சர்ஜாபூர் சாலை வருகின்றன. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாடகை குறைகிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோவும் அங்கே வந்துவிட்டது. ஆனால் அந்த மெட்ரோ பெல்லந்தூருக்குப் போகாது. வெளிவட்டச் சாலைக்கான நீல வழித்தடத்தில் இன்னும் தூண்களுக்கு நடுவேதான் வண்டி ஓட்ட வேண்டும். அந்தத் தூண்களை நம்பி வீடு பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. கட்டி முடிக்கும் தேதியை வைத்து வாழ்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கசவனஹள்ளியில் ஒரு வீடு படிந்தது. வாடகை 34,000, பராமரிப்புக் கட்டணம் 4,000. அட்வான்ஸ் இரண்டு லட்சம். என் காலத்துப் பத்து மாதம் இப்போது ஆறு மாதத்துக்கு இறங்கியிருக்கிறது, நல்லது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற சொல்லுக்குள் எத்தனை வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள் என்பது தனிக் கதை. தரகருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று இன்னொரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் சுவரில் ஆணியே அடிக்காவிட்டாலும். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. ஓராண்டைத் தாண்டும் குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் அந்தப் பதினொன்று. ஒவ்வொரு பதினோரு மாதத்துக்கும் வாடகை ஏறும் என்பதும் அதனுள்ளே ஒளிந்திருக்கிறது.

தரகு 34,000, சாமான் ஏற்றி இறக்க 22,000, பெயின்ட் 34,000. இரண்டு ஆண்டு இருப்பார்கள் என்று வகுத்தால் மாதம் 3,750. இரண்டு லட்சம் வட்டியின்றிக் கிடப்பதற்கு, 7 சதவீதத்தில் மாதம் 1,200.

மின்சாரத்தில் பெங்களூருவுக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தில் 2022-23-ஆம் ஆண்டு மாதச் சராசரியுடன் 10 சதவீதம் கூட்டி, மாதம் 200 யூனிட் வரை இலவசம்; வாடகைதாரருக்கும் பொருந்தும். அந்தப் புள்ளியைத் தண்ணீரில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது தண்ணீர் லாரிக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. பார்த்த வீட்டில் பராமரிப்புக் கட்டணம் கோடையில் "கொஞ்சம் கூடும்" என்று காவலாளிதான் சொன்னார். வீட்டுக்காரர் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம், இரண்டாவது சம்பளம்

கணக்கு கவிழ்ந்தது இங்கேதான்.

தங்கை கணபதிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கைக்கு 26,000. பையன் அதே பள்ளியில் படிப்பதால் கட்டணச் சலுகை போக ஆண்டுக்கு 48,000. காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போய், ஒரே ஸ்கூட்டரில் வருகிறார்கள். மாலை நாலு மணிக்கு மேல் பாட்டி தாத்தா.

பெங்களூருவுக்குப் போனால் அந்த 26,000 முதல் நாளே நின்றுவிடும். கைக்கு வரும் உயர்வு 20,500. நிற்கும் சம்பளம் 26,000. வாடகை, பள்ளி எதையும் தொடாமலேயே குடும்பத்தின் மாத வரவு 5,500 ரூபாய் குறைகிறது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆஃபர் வந்த நாளிலிருந்து இந்த வரிசை யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. தங்கையின் சம்பளத்தை வீட்டில் எல்லாரும், அவளையும் சேர்த்து, "கைச்செலவுக்கு" என்று சொல்லிப் பழகியிருந்தார்கள்.

பெங்களூருவில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைக்காதா? கிடைக்கலாம். ஆனால் கல்வியாண்டு நடுவில் எளிதில்லை; மாலையில் பையனைப் பார்க்க ஆள் வேண்டும். அதைத் தனி வரிசையாகப் பிறகு போட்டோம்.

பள்ளியில் இன்னொரு முடிச்சு. வரும் ஜூனில் பையனுக்கு ஐந்து வயதும் நான்கு மாதமும் ஆகும். தமிழ்நாட்டில் ஐந்து நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. 2025-26-க்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் என்று தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டுக்கு அது கிடையாது என்றார்கள். ஆக, அங்கே போனால் பையன் யு.கே.ஜி.யை இன்னொரு முறை படிக்க வேண்டும். பார்த்த பள்ளியில் கட்டணம் 1,40,000, வேனுக்கு 24,000. குழந்தை ஓர் ஆண்டு நிதானமாகப் படிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த நிதானத்தின் விலை ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் என்பது தாளில் இருக்க வேண்டும். கன்னடம் கட்டாயப் பாடம் என்பதைச் சிலர் சிக்கலாகச் சொன்னார்கள். இங்கே தமிழ் கட்டாயம் போல அங்கே கன்னடம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது மூன்று மாத வேலை.

காரை எடுத்துப் போவதா என்பது சீக்கிரம் முடிந்தது. வேறு மாநிலப் பதிவு வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தால் பதிவை மாற்ற வேண்டும். கர்நாடகத்தின் வாழ்நாள் வாகன வரி நாட்டிலேயே உயரமான ஒன்று. கார் கணபதியில் நிற்கட்டும்.

மூன்றாம் இரவு: கூட்டல்

கோவை. இருவர் சம்பளம் 1,30,400. மளிகை, பால், காய்கறி, காஸ் எல்லாம் ஐந்து பேருக்கு 22,000. மின்சாரம், இணையம் 1,500. பெட்ரோல் 2,500. பள்ளி 4,000. காப்பீடு 3,000. வேலைக்கு வரும் அம்மாவுக்கு 2,500. பெரியவர்கள் மருந்து 4,000. வெளியே போவது, துணிமணி, கல்யாண மொய் உள்பட 8,000. கூடினால் 47,500. மிச்சம் 82,900. பி.எஃப். 3,600 சேர்த்தால் 86,500.

பெங்களூரு. ஒரே சம்பளம் 1,24,900. வாடகையும் பராமரிப்பும் 38,000. மூன்று பேர் சாப்பாட்டுச் செலவு 20,000. கோவையில் பெரியவர்கள் வீட்டுக்கு அனுப்ப 10,000. மின்சாரம், இணையம், குடிதண்ணீர் 1,800. அலுவலகம் போய்வர 3,500. பள்ளியும் வேனும் 13,700. வீட்டு வேலைக்கு 4,000. வெளிச்செலவு 12,000. காப்பீடு, மருந்து பழையபடி 7,000. ஊருக்கு வந்துபோக 5,000. குடிமாற்றச் செலவும் அட்வான்ஸ் வட்டியும் 4,950. மொத்தம் 1,19,950. மிச்சம் 4,950. பி.எஃப். 22,000-உம் வேரியபிள் 11,600-உம் சேர்த்தால் 38,550.

சேமிப்பில் வித்தியாசம் மாதம் 47,950 ரூபாய், கோவைப் பக்கம். அதில் வாடகை 38,000-உம் தங்கையின் சம்பளம் 26,000-உம் சேர்ந்து 64,000 இழுத்தன. தக்காளி விலை, ஓட்டல் காபி விலை என்று நாம் மணிக்கணக்கில் பேசுவதெல்லாம் இந்த இரண்டு வரிசைகளின் காலடியில் கிடக்கின்றன.

பிறகு தலைகீழாகக் கேட்டோம்: எவ்வளவு கொடுத்தால் சமம்? மாதம் 48,000 கூடுதலாகக் கைக்கு வர, 25, 30 சதவீத வரி அடுக்குகளைத் தாண்டி ஆண்டுக்கு 7.9 லட்சம் வேண்டும். சி.டி.சி. ஏறக்குறைய 30 லட்சம். தங்கைக்கு அங்கே 32,000-இல் வேலை கிடைத்து, பையனைப் பார்த்துக்கொள்ளும் மையத்துக்கு 10,000 போனால் 26 லட்சம் போதும்.

இதைப் படித்துவிட்டுப் பெங்களூரு வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. மாப்பிள்ளையின் குழுவில் இருக்கும் திருமணமாகாத இளைஞர் ஒருவருக்கும் இதே கடிதம் வந்திருந்தது. அவர் கோவையில் அறை வாடகையும் மெஸ் சாப்பாடுமாக இருப்பவர். அவருக்கு அங்கே பி.ஜி. விடுதியில் சாப்பாட்டோடு 15,000 ஆகும். இங்கே ஆவதை விட நாலாயிரம் கூடுதல். கைக்கு 20,500, பி.எஃப்.இல் 18,400, வேரியபிள் 11,600 என்று மாதம் 50,000 ரூபாய் ஏறுகிறது. அவர் கணக்கே போடாமல் கிளம்பினார். சரியான முடிவு. ஒரே நிறுவனம், ஒரே ஊர், ஒரே 22 லட்சம். ஒருவருக்கு மாதம் 48,000 கீழே, ஒருவருக்கு நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் லாபம்.

சென்னையையும் ஒரு வரிசையாகப் போட்டோம். பழைய மகாபலிபுரம் சாலையில் வாடகை குறைவு, பையனின் வகுப்பு மாறாது. ஆனால் அங்கிருந்து ஆஃபர் வரவில்லை; இல்லாத சம்பளத்துக்கு வரி கணக்குப் போடுவதில் பயன் இல்லை.

தாளில் அடங்காதது

மாப்பிள்ளையின் எதிர்வாதம் ஒன்று வலுவானது. "கோவையில் இந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு எத்தனை கதவு இருக்கிறது, மச்சான்?" விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா, தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் புதிய கட்டடம், சரவணம்பட்டியில் பெரிய நிறுவனங்களின் அலுவலகங்கள் என்று கதவுகள் கூடிக்கொண்டுதான் வருகின்றன. ஆனாலும் பதினோரு ஆண்டு அனுபவமும் குறிப்பிட்ட ஒரு தொழில்நுட்பமும் உள்ளவருக்கு விரல் விட்டு எண்ணலாம். வெளிவட்டச் சாலையில் ஒரே பஸ் நிறுத்தத்தில் நாலு நிறுவனங்கள். அடுத்த மாற்றத்தில் பேரம் தொடங்கும் எண் 14-ஆ 22-ஆ என்பது பத்தாண்டுச் சம்பளத்தையே நகர்த்தும். இதற்கு நான் தொகை போடவில்லை. போட்டிருந்தால், நான் விரும்பும் விடை வரும் வரை அந்தத் தொகையைத் திருகியிருப்பேன்.

ஆனால் இந்த வாதம் ஒரு நான்காவது வரிசையைத் திறந்தது. நிறுவனம் வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் வரச் சொல்கிறது. அவர் மட்டும் போய்வந்தால்?

பி.ஜி. விடுதி 13,000. வாரம் ஒருமுறை இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வர மாதம் 7,000. உள்ளூர்ப் பயணம், வெளிச் சாப்பாடு 5,500. கோவை வீட்டுச் செலவில் பெட்ரோல் 1,500 குறையும். வரவு இருவர் சம்பளமாக 1,50,900; செலவு 71,500; மிச்சம் 79,400. பி.எஃப்., வேரியபிள் சேர்த்தால் 1,13,000. இப்போதைய நிலையை விட மாதம் 26,500 கூடுதல். நான்கு வரிசைகளில் இது ஒன்றுதான் பழையதை ஜெயித்தது.

மனிதவளத் துறையிடம் இந்த மூன்று நாள் ஏற்பாட்டை ஆஃபர் கடிதத்தில் எழுதித் தரக் கேட்டார். "அது நிறுவனக் கொள்கை, தேவைக்கேற்ப மாறலாம், கடிதத்தில் சேர்ப்பதில்லை" என்று பதில் வந்தது. அதற்குப் பதிலாக வேறு இரண்டைக் கேட்கச் சொன்னேன். வேரியபிளில் பாதியை நிலைச் சம்பளமாக மாற்றுவது. சேரும்போது ஒருமுறைத் தொகை. முதலாவதை மறுத்தார்கள். இரண்டாவதாக ஒன்றரை லட்சம் கொடுத்தார்கள், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரியோடு. அந்த வரி கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது.

தொண்ணூறு நாள் நோட்டீஸ் காலம் முடிந்து பிப்ரவரி முதல் வாரம் சேர்ந்தார். திங்கள் விடியற்காலை போய்ச் சேர்ந்து, புதன் இரவு கிளம்பி, வியாழன் காலை கணபதியில் இட்லி சாப்பிடுகிறார். ஐந்து வாரம் ஆகிறது. இரண்டு முறை காத்திருப்புப் பட்டியல் உறுதியாகாமல் கடைசி நேரத்தில் ஆம்னி பஸ்ஸில் போக நேர்ந்தது. பயணச் செலவு 7,000 என்பதை 8,200 என்று திருத்தியிருக்கிறார். விடுதியில் ஆண்டு ஒப்பந்தம் வேண்டாம், ஒரு மாத முன்னறிவிப்பு போதும் என்று பேசி வைத்திருக்கிறார்.

சென்ற ஞாயிறு தாளைச் சுத்தம் செய்யலாம் என்று, கசவனஹள்ளி வீட்டு வாடகை இருந்த வரிசையை நீக்கப் போனேன். ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொல்லும் மின்னஞ்சல் எப்போது வரும் என்று யார் கண்டது, அது இருக்கட்டும் அண்ணா என்று தங்கை சொல்லிவிட்டாள்.